சர்க்கார் கார்டு பிறந்த கதை

சென்னைத் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலின் கேப்டன் பெட்டி நிறைய ரூபாய் நோட்டோடு வந்து இறங்குவதில்லை. ஆனாலும் அவருக்கு இங்கே தக்காளி வேண்டும், வெங்காயம் வேண்டும், கப்பலைக் கட்டும் கயிறு, பெயின்ட், கையுறை, குடிதண்ணீர் எல்லாம் வேண்டும். பாரிமுனைப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஷிப்பிங் ஏஜென்ட் மூலமாக, கப்பலுக்குச் சாமான் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஷிப் சாண்ட்லருக்குச் சீட்டுப் போகிறது. சாமான் ஏறுகிறது. கேப்டன் சரிபார்த்து, பில்லில் கையெழுத்துப் போட்டு, கப்பலின் முத்திரையைக் குத்திக் கொடுக்கிறார். கப்பல் கிளம்பிவிடுகிறது. பணம் பிறகு கப்பல் முதலாளியிடமிருந்து வருகிறது. வராமல் போனால், சாமான் கொடுத்தவர் உயர்நீதிமன்றத்துக்குப் போய் அந்தக் கப்பலையே பிடித்து நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். 2017-இல் வந்த கடல்சார் உரிமை வழக்குகளுக்கான சட்டம் அதற்கு இடம் தருகிறது.

துறைமுகத்தை ஒட்டியே வடக்கே போனால் ராயபுரம், கல்மண்டபம், காசிமேடு. இங்கும் கையில் காசில்லாமல் சாமான் கேட்டு வரும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. அவர் அரசாங்கம். ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை, மாநகராட்சியின் ஐந்தாவது மண்டலம், மாநகராட்சிப் பள்ளிகள், மீன்பிடித் துறைமுகம் என்று சுற்றிலும் சர்க்கார்தான். எந்த அலுவலகமானாலும் ட்யூப் லைட் பியூஸ் போகும், குழாய் ஒழுகும், பினாயில் தீரும், மோட்டாரின் கெபாசிட்டர் புகையும். ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார். “பில்லை ஆபீஸ் பேருக்குப் போடுங்க, பாஸானதும் தந்துடுறோம்.” கடைக்காரர் நோட்டில் எழுதி வைப்பார். எத்தனை மாதம் கழித்து வரும் என்று அவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கப்பலைப் பிடித்து நிறுத்தலாம். மண்டல அலுவலகத்தை யார் பிடித்து நிறுத்துவது?

சில்லறைச் சாமானை அரசாங்கம் வாங்கும்போதெல்லாம் நடுவில் யாரோ ஒருவர் அதற்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒன்று கடைக்காரர். இல்லையென்றால், சொந்தப் பர்ஸிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்துப் போடும் தலைமையாசிரியர், கிளார்க், வார்டு சிஸ்டர். அரசுக் கார்டு, அதாவது அலுவலர் கையில் அரசு கொடுக்கும் கிரெடிட் கார்டு, அந்தக் கடனை இவர்கள் தலையிலிருந்து இறக்கி ஒரு வங்கியின் தலையில் வைக்கிறது. ஊழல், சிக்கனம், நிர்வாகச் சீர்திருத்தம் என்று அதைப் பற்றிப் பேசப்படுவதெல்லாம் என் கண்ணுக்கு இதற்கு அடுத்துத்தான் வருகிறது.

கார்டு இல்லாத நம் ஊர் ஏற்பாட்டையும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. சில்லறைச் செலவுக்கென்று அலுவலகத்துக்கு ஒரு சிறு தொகையை நிரந்தர முன்பணமாகக் கொடுத்துவிடுவார்கள். அதிலிருந்து வாங்க வேண்டியது, ரசீதுகளைச் சேர்க்க வேண்டியது, பட்டியல் போட்டுப் பணம் பெற்று வழங்கும் அலுவலரின் கையெழுத்தோடு கருவூலத்துக்கோ சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கோ அனுப்ப வேண்டியது. அது பாஸாகி வந்ததும் பெட்டி மறுபடி நிரம்பும். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தி. அந்தக் காலத்துக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் விலைவாசி ஏறும் வேகத்தில் முன்பணத் தொகை ஏறுவதில்லை. பத்து நாளில் பெட்டி காலியாகிவிடும், பட்டியல் பாஸாகப் பல வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் கடைக்காரரின் நோட்டு வருகிறது.

அந்த இடைவெளிக்கு ஒரு விலையும் உண்டு. பணம் தாமதமாக வரும் என்று தெரிந்த கடைக்காரர் விலையிலேயே அதைச் சேர்த்துவிடுவார். ரொக்கத்துக்கு ஒரு விலை, ஆபீஸ் பில்லுக்கு ஒரு விலை. இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறு, குறு தொழில்களிடம் சரக்கோ சேவையோ வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது செய்து விற்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கும் கல்மண்டபத்துக் கடைக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2021-இல் வியாபாரிகளும் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவைச் செய்துகொள்ளலாம் என்றார்கள்; அதுவும் வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும்தான்.

கார்டு பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே தொல்லை காகிதத்தில் இருந்தது: பூட்டு வாங்க வேண்டுமென்றாலும் கொள்முதல் பிரிவுக்கு எழுத வேண்டும், அவர்கள் ஆணை போட வேண்டும், சரக்கு வந்ததும் ஒருவர் சான்று தர வேண்டும், இன்னொருவர் பில்லைப் பாஸ் செய்ய வேண்டும். பூட்டின் விலையைவிட அந்தக் காகிதங்களின் விலை அதிகமாகிவிடும். 1982 மார்ச்சில் ரீகன் பிறப்பித்த 12352-ஆம் எண் ஆணை, கொள்முதலுக்காகும் நிர்வாகச் செலவைக் குறைக்க வழி பாருங்கள் என்று எல்லாத் துறைகளுக்கும் சொன்னது. வணிகத் துறை 1986-இல் ஒரு சோதனையைத் தொடங்கியது. ஊர் உலகமெல்லாம் பயன்படுத்தும் கிரெடிட் கார்டையே அலுவலர் கையில் கொடுத்துப் பார்த்தால் என்ன?

சோதனை பிடித்துப்போனது. 1989-இல் பொதுச் சேவைகள் நிர்வாகம் கொலராடோவைச் சேர்ந்த ராக்கி மவுன்டன் பேங்க்கார்டு சிஸ்டம் என்ற அமைப்போடு நாடு முழுவதற்குமாக ஒப்பந்தம் போட்டது. ஐ.எம்.பி.ஏ.சி. என்ற பெயரில் விசா கார்டு வந்தது. ஆனால் வந்தும் பல வருஷம் கொள்முதல் பிரிவுக்காரர்களின் மேஜையிலேயே தங்கிவிட்டது. வாங்கும் அதிகாரம் அவர்களுக்குத்தானே? குழாய் ரிப்பேர் பார்ப்பவர் பழையபடியே எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

அந்தக் கதவைத் திறந்ததில் ஒரு சாம்பல் கிண்ணத்துக்கும் பங்குண்டு. 1993 செப்டம்பரில் துணை அதிபர் ஆல் கோர், டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கண்ணாடிச் சாம்பல் கிண்ணம் ஒன்றையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனார். அரசு வாங்கும் சாம்பல் கிண்ணம் எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதி இருந்தது. உடைத்தால் 35 துண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதில் ஒன்று. கோர் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டார். நாடு சிரித்தது. நம் ஊரில் ஒரு அமைச்சர் பினாயில் டெண்டர் விதிகளை டிவியில் வாசித்துக் காட்டினால் இதைவிட நன்றாகவே ஓடும்.

சிரிப்பு அடங்குவதற்குள் சட்டம் வந்தது. 1994-ஆம் ஆண்டின் கொள்முதல் எளிமைச் சட்டம், 2,500 டாலருக்கு உட்பட்டதெல்லாம் குறுங்கொள்முதல் என்றது. அதற்கு விலைப்புள்ளிப் போட்டி தேவையில்லை, கொள்முதல் பிரிவு தேவையில்லை. யாருக்கு வேண்டுமோ அவரே போய் வாங்கலாம். உண்மையான கார்டு பிறந்தது அன்றுதான் என்பேன். அதற்கு முன்னால் இருந்தது பிளாஸ்டிக். 1994 நிதியாண்டில் 100 கோடி டாலரைக்கூடத் தொடாத கார்டுச் செலவு 2001-இல் 1,380 கோடி டாலரானது. பழைய காகித வழியை விட்டுக் கார்டில் வாங்கினால் ஒவ்வொரு கொள்முதலுக்கும் ஐம்பது டாலருக்கு மேல் மிச்சம் என்று துறைகள் கணக்குக் காட்டின. 1998 நவம்பரில் ஸ்மார்ட்பே என்ற பெயரில் ஐந்து வங்கிகளோடு புது ஒப்பந்தம் தொடங்கியது. சில்லறைச் செலவுக்கு வைத்திருந்த ரொக்கப் பெட்டிகளை மூடிவிடும்படி கருவூலத் துறையும் சொல்லிவிட்டது.

இந்தக் கார்டு வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். அதில் மூன்று பூட்டுகள். ஒரு தடவைக்கு இவ்வளவு, ஒரு மாதத்துக்கு இவ்வளவு, இன்ன வகைக் கடைகளில் மட்டும். ஒவ்வொரு கடைக்கும் அதன் தொழிலைச் சொல்லும் நான்கு இலக்க எண் ஒன்றை வங்கி கொடுத்திருக்கும். ஹார்டுவேர் கடை எண் என்றால் கார்டு ஓடும், நகைக்கடை எண் என்றால் கல்லாவிலேயே நின்றுவிடும். கடைக்காரருக்குச் சில நாளில் வங்கி பணம் தந்துவிடுகிறது. அவருக்கு வாங்கியது அரசாங்கமா அண்டை வீட்டுக்காரரா என்பதில் வித்தியாசமே இல்லை. மாதக் கடைசியில் வங்கியிலிருந்து கணக்கு வரும். வாங்கியவர் ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, மேலதிகாரி கையெழுத்திட்ட பிறகு அரசு மொத்தமாகக் கட்டும். சீக்கிரம் கட்டினால் வங்கி ஒரு பங்கைத் தள்ளுபடியாகத் திருப்பித் தரும். பயணக் கார்டு என்று இன்னொன்றும் உண்டு. அதில் பெரும்பாலும் கடன் ஊழியரின் பெயரிலேயே இருக்கும். பயணப்படியை வாங்கி அவரேதான் கட்ட வேண்டும். கடனை யார் தலையிலிருந்து இறக்க வேண்டுமோ அவர் தலையிலேயே திரும்ப ஏற்றிவைத்த ஏற்பாடு அது. ராணுவத்தில் பலர் கட்டாமல் பாக்கி வைத்தார்கள்.

கொள்முதல் கார்டு வேறு விதமாகச் சறுக்கியது. அமெரிக்கத் தலைமைத் தணிக்கை அலுவலகம் 2001-இல் சான் டியேகோவில் இருந்த இரண்டு கடற்படை அமைப்புகளைச் சோதித்தது. ஒன்றில் கார்டு வைத்திருந்தவர்கள் 1,153 பேர். அத்தனை பேர் கணக்கையும் பார்த்துக் கையெழுத்திட ஒரே ஒரு அதிகாரி. மாதத்துக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட கணக்குத் தாள்கள் அவர் மேஜைக்கு வரும். அவர் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போட்டிருப்பார்? 2008-இல் வந்த இன்னொரு அறிக்கை நாடு தழுவியது. 2005 ஜூலை முதல் ஓர் ஆண்டில் நடந்த கார்டுக் கொள்முதல்களில் சுமார் 41 சதவீதத்தில், முறையான அனுமதியோ, வாங்கியவர் அல்லாத இன்னொருவர் சரக்கைப் பார்த்து வாங்கிக்கொண்ட அத்தாட்சியோ இல்லை என்றது. வனத்துறை ஊழியர் ஒருவர் கார்டுக் கணக்கோடு சேர்த்துத் தரப்படும் காசோலைகளை ஆறு வருஷமாகத் தன் ஆண் நண்பருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். மொத்தம் 6,42,000 டாலர். அஞ்சல் அலுவலர் ஒருவர் பதினைந்து மாதம் இணையத்தில் துணை தேடியிருக்கிறார், சர்க்கார் செலவில்.

நான் கவனித்த வரை, இந்தத் திருட்டுகளில் கார்டின் பூட்டை உடைத்து நடந்தவை குறைவு. பூட்டு அதன் வேலையைச் செய்தது. சாவி வைத்திருந்தவர் மாதக் கணக்கைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதோடு கார்டில் ஒரு நல்ல குணமும் இருந்தது. ரொக்கப் பெட்டியிலிருந்து எடுத்த பணத்துக்கு ரசீது மட்டும்தான் சாட்சி. கார்டில் எடுத்ததற்குத் தேதி, கடை, தொகை, ஆள் எல்லாம் வங்கியின் ஏட்டில் இருக்கும். தணிக்கையாளர்கள் இத்தனை அசிங்கத்தையும் வெளியே கொண்டுவர முடிந்ததே அதனால்தான். நம் அலுவலகங்களின் முன்பணப் பெட்டியில் இதே விகிதத்தில் ஓட்டை இல்லையென்று யார் சொல்வது? பார்க்க வங்கி ஏடு இல்லை.

பிறகு வந்த திருத்தங்களெல்லாம் அந்தக் கண்காணிப்பைப் பற்றியவைதான். ஒரு மேலதிகாரியிடம் ஏழு கார்டுக்காரர்களுக்கு மேல் வேண்டாம் என்று பாதுகாப்புத் துறை வரம்பு வைத்தது. 2012 அக்டோபரில் கார்டு முறைகேடு தடுப்புச் சட்டம் கையெழுத்தானது. கார்டு வைத்திருப்பவர் பட்டியலை வைத்திரு, வேலையை விட்டுப் போனவரின் கார்டை உடனே செல்லாததாக்கு, பயிற்சி கொடு, தவறு செய்தவரைப் பணிநீக்கம் வரை தண்டி, வருஷாவருஷம் உள்தணிக்கையாளர் அபாயத்தை எடைபோடட்டும் என்றது. ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழிக்கும் துறை என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முறைகேடுகளைப் பற்றி அறிக்கையும் தர வேண்டும். சாதாரண விஷயங்கள்தான். கார்டு ஊரெல்லாம் புழங்கத் தொடங்கிப் பதினெட்டு வருஷம் கழித்துச் சட்டமாக எழுத வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கம் சாய்ந்த கதையும் உண்டு. 2025 பிப்ரவரி 26 அன்று டிரம்ப் போட்ட ஆணை, சில விலக்குகள் தவிர அரசு ஊழியர்களின் கார்டுகளை முப்பது நாள் முடக்கச் சொன்னது. பல இடங்களில் உச்சவரம்பு ஒரு டாலராக்கப்பட்டது. ஒரு டாலரில் ஆய்வகத்துக்கு என்ன வாங்குவது, வண்டிக்கு என்ன வாங்குவது? அதற்குள் 10,000 டாலராகியிருந்த குறுங்கொள்முதல் வரம்பு அதே வருஷம் அக்டோபரில் 15,000 டாலராக உயர்ந்தது. ஒரு கை பூட்டுகிறது, ஒரு கை திறக்கிறது. சர்க்கார் எங்கும் சர்க்கார்தான்.

நம்மிடம் இப்படி ஒரு கார்டு நாடு முழுக்கப் புழங்கவில்லை. ஆனால் அதன் துண்டுகள் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன. மத்திய அரசின் பொது நிதி விதிகளில் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துப் பாருங்கள். 25,000 ரூபாய் வரை விலைப்புள்ளி இல்லாமல் வாங்கலாம் என்றது 154-ஆவது விதி. வாங்குகிறவர், சரக்கின் தரமும் விலையின் நியாயமும் விற்றவரின் நம்பகமும் தனக்குத் திருப்தி என்று சொந்தப் பெயரில் சான்று எழுத வேண்டும். அமெரிக்கக் குறுங்கொள்முதலின் உயிரே இதுதான்: ஒரு ஆள், ஒரு பெயர், ஒரு பொறுப்பு. பில்லைத் துண்டாக்கும் அமெரிக்க வியாதியும் கூடவே இருக்கிறது. வரம்புக்குள் அடக்க ஒரே தேவையைத் துண்டு துண்டாகப் பிரிக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. 24,900 ரூபாய் பில்லை அடுத்தடுத்த தேதிகளில் பார்த்திராத தணிக்கையாளர் இந்தியாவில் இருக்க மாட்டார்.

பயணக் கார்டு செய்யும் வேலையை இங்கே ஏர் இந்தியாவே செய்துகொண்டிருந்தது. துறைகளுக்குக் கடனில் டிக்கெட் கொடுத்தது. டாட்டா வாங்குவதாக முடிவானதும், 2021 அக்டோபர் 27 தேதியிட்ட நிதி அமைச்சகச் சுற்றறிக்கை வந்தது: ஏர் இந்தியா கடன் வசதியை நிறுத்திவிட்டது, பாக்கியை உடனே தீருங்கள், இனி ரொக்கத்துக்கு வாங்குங்கள். யார் தலையில் அதுவரை கடன் இருந்தது என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். பால்மர் லாரி வடசென்னைக்காரர்களுக்குப் புதிய பெயரில்லை. மணலி சாத்தங்காட்டில் அதன் கன்டெய்னர் நிலையத்தைத் தாண்டி லாரிகள் போகாத நாள் கிடையாது.

இன்னொரு துண்டு பள்ளிக்கூடத்தில் கிடக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 101 முதல் 250 மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் மானியம், 251 முதல் 1,000 வரை 75,000. முன்பெல்லாம் அந்தப் பணம் பள்ளியின் வங்கிக் கணக்கில் வந்து உட்காரும். மத்திய அரசுத் திட்டங்களுக்கு 2021 ஜூலை முதல் வந்த ஏற்பாட்டில், ஒரு திட்டத்துக்கு மாநிலத்தில் ஒரே கணக்கு, கீழே இருப்பவர்களுக்கு இருப்பே இல்லாத துணைக் கணக்கு. பள்ளிக்கு வருவது பணமல்ல, செலவு செய்யும் வரம்பு. யோசித்தால், பிளாஸ்டிக் இல்லாத கார்டுதான் இது. ஆனால் ஓடும் விதம்? துடைப்பம் விற்பவரையும் பி.எஃப்.எம்.எஸ். என்ற அரசுப் பணப்பட்டுவாடாத் தளத்தில் வங்கி விவரத்தோடு பதிவு செய்ய வேண்டும். ஒருவர் உள்ளிட, இன்னொருவர் ஒப்புதல் தர, பணம் செலுத்தும் சீட்டை அச்செடுத்துக் கையொப்பமிட்டு வங்கிக்குக் கொண்டு போக வேண்டும். இதற்குள் துடைப்பம் தேய்ந்துவிடும் என்று தலைமையாசிரியர் தன் காசைப் போட்டு வாங்கி வைத்திருப்பார். கார்டின் கண்காணிப்பு முழுவதும் வந்துவிட்டது, கார்டின் வேகம் மட்டும் வரவில்லை.

கருவி இல்லை என்று சொல்வதற்கும் இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த இ-ருப்பி, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று பூட்டிய சீட்டைக் கைபேசிக்கே அனுப்புகிறது. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்கலாம். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் கூடைக்குப் பக்கத்திலேயே க்யூஆர் அட்டை நிற்கிறது. அமெரிக்கக் கடைக்காரர் 1989-இல் இயந்திரம் வாங்கிவைக்க வேண்டியிருந்தது. ஆள் பெயர், மாத வரம்பு, கடை வகை, மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மேலதிகாரி, அவருக்குக் கீழே விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆட்கள். இதற்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அமெரிக்கப் பாடம் நமக்கு உதவாது. அங்கே கார்டு வந்தபோது மூலைக்கடை நோட்டில் அரசாங்கத்தின் பழைய பாக்கி வரிசையாக நின்றதாகத் தெரியவில்லை. இங்கே நிற்கிறது. கல்மண்டபத்துக்கு நாளையே இந்த வசதி வந்தால், கடைக்காரர் முதல் மாதம் செய்யப்போவது என்னவென்று சொல்லத் தேவையில்லை: இரண்டு டப்பா பினாயிலுக்கு நான்கு டப்பா என்று பில் போட்டு, பழைய கணக்கில் கழித்துக்கொள்வார். வாங்க வந்தவரும் ஆட்சேபிக்க மாட்டார்; அவருக்கும் அந்தக் கடை முன்னால் தலைகுனிந்து நிற்கும் தொல்லை தீரும். தணிக்கைக்கு வருபவர் கண்ணுக்கு அது மோசடி. ஆகவே கார்டு கொடுக்கும் தேதிக்கு முன்னால், ஒவ்வொரு அலுவலகமும் தன் சில்லறைப் பாக்கியைக் கடைவாரியாக எழுதித் தீர்த்தாக வேண்டும்.